கொக்கி ஊசியின் இரு முகங்கள்

பொழுதுபோக்காகப் பின்னி இலவசமாகக் கொடுக்கிறார்கள் சிலர். பிழைப்புக்காகப் பின்னி அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறார்கள் பலர். இந்தியப் பெண்களின் கைகளில் குரோஷா செய்துகொண்டிருக்கும் காரியங்கள் வியப்பூட்டுகின்றன. சற்றுச் சங்கடப்படுத்தவும் செய்கின்றன.

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ஒரு போர்வை விரிக்கப்பட்டது. அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். மனை வாங்கி விற்பவர்களின் பாஷையில் சொன்னால் 50 கிரவுண்டு. முழுக்க முழுக்கக் கையால், ஒற்றைக் கொக்கி ஊசியால் போடப்பட்ட குரோஷா பின்னல். உலகிலேயே மிகப் பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸ் அதைப் பதிவு செய்துகொண்டது.

இதைச் செய்தவர்கள் 'மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ்' என்ற குழுவினர். சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய குழு இது. உறுப்பினர்கள் ஒரே ஊர்க்காரர்கள் அல்லர். நாட்டின் பல மூலைகளிலும் வெளிநாடுகளிலும் இருந்துகொண்டு, அவரவர் வீட்டில் உட்கார்ந்து 40 அங்குலச் சதுரங்களாகப் பின்னி அனுப்பினார்கள். கணக்குப் போட்டால் அப்படிப்பட்ட 10,800 சதுரங்கள் தேவை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைகள் அந்தப் பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டன.

சாதனை முடிந்ததும் நடந்ததுதான் இந்தக் கதையில் முக்கியமான விஷயம். அளந்து சரிபார்த்த பிறகு அந்த ராட்சதப் போர்வை பிரிக்கப்பட்டு, தனித்தனிப் போர்வைகளாகி, இல்லாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சாதனைப் பெருமை அதிக நாள் நீடிக்கவில்லை. அதற்கு முன் சாதனையை வைத்திருந்தவர்கள் தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா பெயரால் போர்வை பின்னித் தானம் செய்யும் குழுவினர். அதே ஆண்டிலேயே இன்னும் பெரிய போர்வையுடன் வந்து பட்டத்தை மீட்டுக்கொண்டார்கள். இரு தரப்பிலும் பின்னப்பட்டவை ஏழைகளுக்கே போயின. தோற்றவர் யாருமில்லாத ஒரு போட்டி.

சென்னைக் குழு ஓயவில்லை. 2017இல் 14 கிலோமீட்டருக்கும் நீளமான ஸ்கார்ஃப். 2018இல் 58,917 குரோஷா பொம்மைகளின் அணிவகுப்பு. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் முதல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரை கலந்துகொண்ட முயற்சிகள் இவை. டி.வி.க்கும் தண்ணீர்ப் பானைக்கும் உறை போடுவதற்கு மட்டுமே பயன்பட்டது என்று ஒரு தலைமுறை கேலி செய்து ஓரம்கட்டிய கைவேலைக்கு இது எதிர்பாராத மறுபிறவி.

ஆனால் இதே ஊசிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அதைப் பார்க்க ஆந்திராவில் கோதாவரி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள நரசாபுரத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் பெண்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்து குரோஷா போடுகிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு அல்ல.

இயந்திரம் தொட முடியாத கலை

குரோஷாவைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதை இதுவரை எந்த இயந்திரமும் வணிக ரீதியில் செய்ததில்லை என்பது. இரண்டு ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னுவதற்கு ஒப்பான வேலையைச் செய்யும் இயந்திரத்தை இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589ஆம் ஆண்டிலேயே உருவாக்கிவிட்டார். நெசவு, எம்பிராய்டரி, லேஸ் என்று ஒவ்வொன்றாக இயந்திரத்திடம் சரணடைந்தன. குரோஷா மட்டும் தப்பித்துக்கொண்டது.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஸ்வெட்டர் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியில் வரிசையாகக் காத்திருக்கும். அந்த ஒழுங்கை இயந்திரம் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். குரோஷாவில் எந்த நேரத்திலும் ஊசியில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. அதை முடித்த பிறகுதான் அடுத்தது. அடுத்த குத்து எங்கே விழும் என்பதும் நிச்சயமில்லை. பக்கத்துத் துளையில் விழலாம், மூன்று வரிசை தள்ளி விழலாம், வெறும் காற்றில் சங்கிலியாக நீளலாம். இந்தச் சுதந்திரத்தை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது கடினம். கடைகளில் கெஜக் கணக்கில் விற்கும் இயந்திர 'குரோஷா லேஸ்' எல்லாம் தோற்றத்தில் அதைப்போல இருக்கும் வேறு வகைப் பின்னல்கள்தான்.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்துதான் ஆக வேண்டும். நடைபாதையில் 200 ரூபாய்க்குத் தொங்கும் குரோஷா பையாகட்டும், பெரிய கடையின் கண்ணாடிக்குள் இருக்கும் குரோஷா சட்டையாகட்டும், அது அசல் குரோஷா என்றால் அதன் ஒவ்வொரு கண்ணியையும் எங்கோ ஒரு மனிதர் கையால் போட்டிருக்கிறார். பெரும்பாலும் அவர் ஒரு பெண்.

ஒரே கண்ணிதான் ஊசியில் இருக்கும் என்பதில் வேறொரு சௌகரியமும் உண்டு. எந்த நொடியிலும் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். குக்கர் விசில் அடித்தாலும், வாசலில் பால்காரர் மணி அடித்தாலும், குழந்தை அழுதாலும் வேலை கெடாது. ஸ்வெட்டர் ஊசியிலிருந்து நழுவினால் வரிசை வரிசையாகப் பிரிந்துபோகும். குரோஷாவில் நழுவிய ஒற்றைக் கண்ணியைத் திரும்பக் கொக்கியில் மாட்டினால் போதும். இல்லத்தரசிகளின் துண்டு துண்டான நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலை கிடையாது. பெண்கள் இதை விரும்பியதற்கு அது காரணம். வியாபாரிகள் இதற்குப் பெண்களை விரும்பியதற்கும் அதுவே காரணம்.

பஞ்சம் பரப்பிய பின்னல்

குரோஷாவின் வரலாற்றில் பசியும் தர்மமும் ஆரம்பத்திலிருந்தே பின்னிக் கிடக்கின்றன. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். அப்போது கன்னியாஸ்திரீகளின் மடங்களும் வசதியான வீட்டுப் பெண்களும் ஏழைக் குடும்பங்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வீட்டில் ரோஜா மட்டும், இன்னொரு வீட்டில் இலை மட்டும், வேறொரு வீட்டில் எல்லாவற்றையும் இணைக்கும் வேலை. அந்த 'ஐரிஷ் லேஸ்' லண்டன், பாரிஸ் சீமாட்டிகளின் உடைகளில் ஏறியது. பல குடும்பங்கள் அந்தக் காசில் உயிர் பிழைத்தன. சிலர் கப்பல் டிக்கெட் வாங்கி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிஷனரிகள் மூலமாக இந்தக் கலை கோதாவரிக் கரைக்கும் வந்தது. தும்முகூடத்திலும் பிறகு நரசாபுரம் வட்டாரத்திலும், புதிதாகக் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஏழைத் தலித் பெண்களுக்கு மிஷனரிப் பெண்கள் இதைக் கற்றுக்கொடுத்தார்கள். கொஞ்சம் வருமானம் கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம். விற்றுக்கொடுத்தவர்களும் அவர்களே. சீமையிலிருந்த நண்பர்கள், திருச்சபைகள் என்று பொருள் போய்க்கொண்டிருந்தது. 1899ஆம் ஆண்டுப் பஞ்சத்தையும் 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தையும் தாண்டி இந்தத் தொழில் உயிரோடு இருந்தது.

தமிழ்நாட்டுக்கும் இதன் ஒன்றுவிட்ட உறவு ஒன்று உண்டு. நாகர்கோவிலில் 1821இல் மிஷனரிப் பெண்மணி மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பள்ளி அது. அங்கே போட்டது குரோஷா அல்ல. தலையணை மேல் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேறு வகை. ஆனால் அடிமைகளாகப் பிறந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள் என்பது அதன் வரலாறு. நூலும் ஊசியும் பெண்ணுக்குச் சம்பாத்தியத்தைத் தாண்டியும் ஏதோ ஒன்றைத் தந்திருக்கின்றன.

நரசாபுரத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியாபாரிகள் உள்ளே நுழைந்தார்கள். தர்மமாகத் தொடங்கியது ஏற்றுமதித் தொழிலாக மாறியது. விவசாயத்தில் காசு சேர்த்த கிராமங்களில், வெளியே வேலைக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்று கருதிய காப்பு சமூகப் பெண்களும் குரோஷாவுக்கு வந்தார்கள். வீட்டுப் படி தாண்டாமல் செய்யக்கூடிய வேலை ஆயிற்றே!

'வீட்டில் சும்மா' இருப்பவர்கள்

1970களின் கடைசியில் ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் நரசாபுரம் வந்து தங்கி ஆராய்ச்சி செய்தார். 1982இல் வெளியான அவரது 'நரசாபுரத்து லேஸ் பின்னுபவர்கள்' நூல் உலகெங்கும் பெண்கள் உழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பாடப் புத்தகம் ஆயிற்று. அவர் கண்டது இதுதான். அந்த வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் லேஸ் பின்னினார்கள் என்று மதிப்பிடப்பட்டது. வீட்டு வேலை போக நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் உழைத்தார்கள். கிடைத்தது நாளுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியை அது நெருங்கக்கூட இல்லை. அவர்கள் பின்னிய மேஜை விரிப்புகளை ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று அனுப்பிய ஆண்கள் பணக்காரர்கள் ஆனார்கள்.

இது எப்படி யார் கண்ணையும் உறுத்தாமல் நடந்தது? மீஸின் பதில் சுருக்கமானது. அந்தப் பெண்களைத் தொழிலாளிகள் என்றே யாரும் நினைக்கவில்லை. 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள்' என்பதுதான் வியாபாரிகளின் பேச்சு, கணவன்மார்களின் பேச்சு. கடைசியில் அந்தப் பெண்களின் பேச்சும் அதுவே. தொழிலாளி இல்லையென்றால் கூலிச் சட்டம் இல்லை, சங்கம் இல்லை, வேலை நேரம் இல்லை.

வேலையும் அதற்கேற்பத் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அயர்லாந்துப் பாணியேதான். ஒருத்தி பூக்களை மட்டும் பின்னுவாள். அவற்றை இணைக்கும் 'அதுகுபனி' வேறொருத்திக்கு. இடைத்தரகர் நூல் உருண்டையைக் கொடுத்துவிட்டுப் போவார், எடை பார்த்து லேஸை வாங்கிப் போவார். முழு விரிப்பு எப்படி இருக்கும், அது எந்த நாட்டுக்குப் போகிறது, என்ன விலைக்கு விற்கிறது என்பது பூப் பின்னியவளுக்குத் தெரியாது. வருடக்கணக்காகக் குனிந்து மெல்லிய நூலைப் பார்த்துக்கொண்டிருந்ததன் பலன் மட்டும் அவளுக்கு நன்றாகவே தெரியும். மங்கும் கண், நிமிர மறுக்கும் முதுகு.

அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் அசைந்திருக்கிறது. பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. நரசாபுரம் அருகே சீதாராமபுரத்தில் லேஸ் வர்த்தக மையம் எழுந்தது. 2024இல் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மேற்கு கோதாவரி, கோனசீமா மாவட்டங்களின் 19 மண்டலங்களில் பின்னப்படுவது மட்டுமே இனி அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடலாம். சீனாவின் மலிவு இயந்திர லேஸ் சந்தையை அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் இது ஒரு கேடயம். ஆனால் குறியீடு என்பது பொருளின் பெயரைப் பாதுகாக்கும். பின்னுகிறவளின் கூலியைப் பாதுகாக்க அதற்கு வழி தெரியாது.

வீட்டிலிருந்தே கூலி வேலை செய்பவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமான மரியாதை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றது குஜராத்தில் இலா பட் 1972இல் தொடங்கிய 'சேவா' அமைப்பு. இந்தியப் பெண்கள் போராடிப் பெற்றுத் தந்த அந்த உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்றுக் கையெழுத்திடவில்லை.

சேர்ந்து பின்னுகிற சந்தோஷம்

இந்தப் பின்னணியில் பார்த்தால் நகரங்களில் பொழுதுபோக்காகக் குரோஷா போடும் பெண்கள் வேறு உலகத்தவர்களாகத் தெரியலாம். ஒரு வகையில் உண்மைதான். கூலி கிடைக்காவிட்டாலும் அடுப்பு எரியும் வீடுகள் அவை. ஆனால் அவர்களுக்கும் இந்த ஊசி கொடுக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது.

ஒரு காலத்தில் குரோஷாவைக் கற்றுக்கொடுத்தது கான்வென்ட் பள்ளியின் தையல் வகுப்பு, இல்லையென்றால் பக்கத்து வீட்டு மாமி. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் எடுத்து வைப்பதற்கென்றே இரண்டு விரிப்புகள் டிரங்க் பெட்டியில் தயாராக இருக்கும். ஆங்கர் நூலும் ஒரு ஸ்டீல் ஊசியும் போதும். பிறகு பெண்கள் வேலைக்குப் போனார்கள், பிளாஸ்டிக் விரிப்புகள் வந்தன, கற்றுக்கொடுத்த தலைமுறை ஓய்ந்தது. குரோஷாவின் கதை முடிந்தது என்று தோன்றியது.

அதைத் திரும்பக் கொண்டுவந்தது செல்போன். மாதிரிகளை வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றான பிறகு மாமியின் தயவு தேவைப்படவில்லை. முன்பின் பார்த்திராத பெண்கள் நூலின் நிறம் பற்றியும் ஊசியின் எண் பற்றியும் பேச ஆரம்பித்து நெருங்கிய சிநேகிதிகள் ஆனார்கள். 2020இல் ஊரடங்கு எல்லாரையும் வீட்டுக்குள் பூட்டியபோது கொக்கி ஊசியைக் கையில் எடுத்தவர்கள் உலகெங்கும் ஏராளம். ஜப்பானியர்களின் 'அமிகுரூமி' பொம்மைகள் இளம் பெண்களையும் கல்லூரி மாணவர்களையும் இழுத்து வந்தன. டி.வி. உறை போன இடத்தில் யானைக்குட்டியும் சூரியகாந்தியும் வந்து உட்கார்ந்துகொண்டன.

இது வெறும் பொழுதைக் கொல்லும் விஷயமல்ல என்பதற்குச் சில அத்தாட்சிகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் வோலங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாடுகளைச் சேர்ந்த 8,391 குரோஷாக்காரர்களிடம் கேள்வி கேட்டு 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னும்போது மனம் அமைதியடைகிறது என்றவர்கள் சுமார் 90 சதவீதம். சந்தோஷமாக இருக்கிறது என்றவர்கள் 82 சதவீதம். பதில் சொன்னவர்கள் ஏற்கனவே குரோஷா பைத்தியங்கள் என்பதால் இதை ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய இன்னொரு பதில் இருக்கிறது. 'நான் உபயோகமாக இருப்பதாக உணர்கிறேன்' என்றவர்கள் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர்.

பிள்ளைகள் வெளிநாட்டில், கணவர் ஓய்வு பெற்று ஈஸி சேரில். அறுபது வயதுப் பெண்மணிக்கு அந்த ஒரு வார்த்தையின் எடை தெரியும். தன் கை செய்த ஒன்றை யாரோ ஒருவர் போர்த்திக்கொள்கிறார் என்ற நினைப்பு மருந்துக்கடையில் கிடைப்பதல்ல. குரோஷாக் குழுக்கள் தவறாமல் தான தர்மத்தில் போய் முடிவதற்கு இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. ஒரு குடும்பத்துக்கு எத்தனை மேஜை விரிப்புகள் தேவைப்படும்?

கொடுப்பதிலும் ஒரு கணக்கு

பின்னிக் கொடுப்பது சுலபம். எது தேவையோ அதைப் பின்னிக் கொடுப்பதுதான் கஷ்டம். இந்தத் தெளிவுள்ள குழுக்களின் வேலையைப் பார்த்தால் குரோஷா எவ்வளவு தூரம் போகும் என்பது புரியும்.

மார்பகப் புற்றுநோய் ஓர் உதாரணம். இந்தியப் பெண்களை மிக அதிகமாகத் தாக்கும் புற்றுநோய் இதுதான். 2022இல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக வந்ததாக சர்வதேச மதிப்பீடு சொல்கிறது. அறுவை சிகிச்சையில் மார்பகத்தை இழந்தவர்களுக்குக் கடையில் கிடைக்கும் சிலிக்கான் செயற்கை மார்பகம் விலை அதிகம், கனம் அதிகம், நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டும். பழைய துணியையும் பஞ்சையும் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு, அது எப்போது நகருமோ என்ற பயத்திலேயே வெளியில் போகும் பெண்கள் எத்தனையோ பேர்.

2011இல் இந்த அறுவை சிகிச்சைக்கு ஆளான அமெரிக்கப் பெண் பார்பரா டெமொரெஸ்ட், நூலால் பின்னிய செயற்கை மார்பகத்தைத் தன் டாக்டர் மூலம் அறிந்து அதை ஓர் இயக்கமாகவே ஆக்கினார். இந்தியாவில் சாயிஷா இந்தியா ஃபவுண்டேஷன் தன்னார்வலர்களைக் கொண்டு அதே போலப் பின்னி இலவசமாகக் கொடுக்கிறது. மிருதுவான பருத்தி நூல், உள்ளே லேசான செயற்கைப் பஞ்சு. சாதாரண உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளலாம், துவைக்கலாம், பஞ்சைக் கூட்டிக் குறைத்து அளவைச் சரிசெய்யலாம். மூலப்பொருளுக்கு ஆகும் செலவு சொற்பம். ஆனால் அதை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற பெண்ணுக்கு அதன் மதிப்பு வேறு.

கீமோதெரபியால் முடி கொட்டியவர்களுக்குப் பின்னும் தொப்பியிலும் இதே விவேகம் வேண்டும். மருந்தின் உக்கிரத்தில் தலைத்தோல் புண்ணாக இருக்கும். கம்பளி உறுத்தும். மலிவான அக்ரிலிக் நூல் வியர்வையை உறிஞ்சாது. உள்பக்கம் முடிச்சோ தடித்த தையலோ இல்லாத பருத்தித் தொப்பிதான் உதவும். அழகான பூவை வெளியே ஒட்டுவது பின்னுபவர் திருப்திக்கு. உள்பக்கத்தின் வழவழப்புதான் நோயாளிக்கு.

போர்வை விஷயத்திலும் யோசிக்க இடமுண்டு. அக்ரிலிக் போர்வை விலை மலிவு, துவைத்தால் சீக்கிரம் காயும், பூச்சி அரிக்காது. முதியோர் இல்லத்துக்கு நல்ல பொருள். ஆனால் வட இந்தியக் குளிரில் நடைபாதையில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்பவருக்கு அதைக் கொடுப்பது ஆபத்து. பொறி பட்டால் அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

குறைமாதக் குழந்தைகளுக்கான குரோஷா ஆக்டோபஸ் இன்னொரு பாடம். 2013இல் டென்மார்க்கில் தொடங்கியது இது. ஆக்டோபஸின் சுருள் கால்களைக் குழந்தை பிடித்துக்கொள்வதால் மூக்கிலும் உடம்பிலும் செருகிய குழாய்களை இழுப்பதில்லை என்று செவிலியர்கள் சொன்னார்கள். உலகம் முழுவதும் பரவியது. மருத்துவ ரீதியில் உறுதியான நிரூபணம் இன்னும் போதவில்லை, தொற்று அபாயம் உண்டு என்று தயங்கும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. அதனால்தான் 100 சதவீதம் பருத்தி, நீட்டினால் 22 சென்டிமீட்டருக்கு மேல் போகாத கால்கள், 60 டிகிரி வெந்நீரில் துவைத்தாலும் கெடாத தரம் என்று கறாரான விதிகளை வகுத்துக்கொண்டார்கள். மருத்துவமனையைக் கேட்காமல் ஐம்பது ஆக்டோபஸ்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் நிற்பது அன்பாக இருக்கலாம். உதவி ஆகாது.

பாசம் எங்கே, பேரம் எங்கே

இங்கேதான் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. நகரத்துப் பெண் தன் உழைப்பைச் சந்தோஷமாக இலவசமாகக் கொடுக்கிறார். அது அவர் உரிமை, அழகான காரியம். ஆனால் 'குரோஷாதானே, வீட்டில் சும்மா இருக்கும்போது போடுவது' என்ற எண்ணம் வாங்குபவர்கள் மனதில் வேரூன்றினால், அதற்கு விலை கொடுப்பது நரசாபுரத்துப் பெண். நாற்பது ஆண்டுகளுக்கு முன் மரியா மீஸ் கண்ட அதே 'சும்மா'.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு வட்ட மேஜை விரிப்புக்கு 40 மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு வெறும் 50 ரூபாய் என்றாலும் கூலி மட்டும் 2,000 ரூபாய். நூல் விலை தனி, கடைக்காரர் லாபம் தனி. கண்காட்சி ஸ்டாலில் அதே விரிப்பை 600 ரூபாய்க்குக் கேட்டு, 450க்குத் தருவாயா என்று பேரம் பேசுகிறோம் என்றால், அந்தப் பெண்ணின் மணி நேரத்துக்கு நாம் போடும் விலை என்ன? இயந்திரத்தில் மலிவாகச் செய்திருப்பார்கள் என்ற சமாதானம் குரோஷாவில் மட்டும் செல்லாது.

இந்தக் கணக்கு யாருக்குப் புரிகிறதோ இல்லையோ, பொழுதுபோக்காகப் பின்னுகிறவர்களுக்குப் புரியும். ஒரு பூ எவ்வளவு நேரம் தின்னும் என்று விரலால் தெரிந்தவர்கள் அவர்கள். கூலிக்குப் பின்னுகிறவளுக்கு அவர்களைவிட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டாள். குழுவாக நூல் வாங்குவதைப் போலக் குழுவாக ஒரு கூட்டுறவுச் சங்கத்திடம் விரிப்புகள் வாங்கலாம். பொம்மை பின்னித் தரச் சொல்லி நச்சரிக்கும் உறவினர்களிடம் விலையைச் சொல்லக் கூச்சப்படாமல் இருக்கலாம். தானத்துக்குப் பின்னுவதைத் தானமாகவும், விற்பதை வேலையாகவும் பிரித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் குழப்பும்போதுதான் யாரோ ஒருவர் ஏமாறுகிறார்.

விக்டோரியா மகாராணி தன் கடைசிக் காலத்தில், தென்னாப்பிரிக்கப் போரில் வீரம் காட்டிய சிப்பாய்களுக்காகத் தன் கையால் எட்டு ஸ்கார்ஃபுகள் குரோஷா போட்டு அனுப்பினார். அந்த எட்டும் பதக்கத்துக்கு நிகரான கௌரவமாகக் கருதப்பட்டன. அதே காலத்தில், பஞ்சம் பிடித்த இந்தியாவில், அவருடைய பிரஜைகளான கோதாவரிக் கரைப் பெண்கள் அதே வகை ஊசியால் பின்னிய லேஸ் எடைக்கணக்கில் கப்பலேறிக்கொண்டிருந்தது. பின்னல் ஒன்றுதான். யார் பின்னினார் என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு விலை இருந்தது.